மைசூரு ஆர்.ஐ.இ.யின் ஆறாண்டு எம்.எஸ்சி.எட். வேதியியல்: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் ஒருவர் வேதியியல் ஆசிரியராக வேண்டும் என்று சொன்னால், தமிழ்நாட்டில் அவருக்கு வீட்டிலும் பள்ளியிலும் காட்டப்படும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். மூன்றாண்டு பி.எஸ்சி., இரண்டாண்டு எம்.எஸ்சி., பிறகு இரண்டாண்டு பி.எட். என ஏழாண்டு படித்துவிட்டு, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். இந்த மூன்று பட்டங்களின் பாடத்தையும் ஒரே வளாகத்தில், ஒரே சேர்க்கையில், ஆறாண்டில் தரும் படிப்பு ஒன்று மைசூருவில் உள்ளது என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. மண்டலக் கல்வியியல் நிறுவனம், அதாவது எல்லோரும் ஆர்.ஐ.இ. என்று சுருக்கமாக அழைக்கும் நிறுவனம், இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய பாடங்களில் வழங்கும் ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.எட். பட்டத்தையே இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிப்பவன். ஆர்.ஐ.இ.யில் பயின்றவன் அல்லன். மூன்று பட்டங்களையும் மூன்று கல்லூரிகளில் தனித்தனியாகப் பெற்றவன். எனவே இது முன்னாள் மாணவரின் பெருமிதக் கட்டுரையும் அன்று, குறை சொல்லும் கட்டுரையும் அன்று. அந்தப் படிப்பின் அமைப்பையும், அது எந்த வேலைகளுக்கு வழி திறக்கிறது என்பதையும், ஒரு வேதியியல் வகுப்பறைக்கு உண்மையில் என்ன தேவை என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்து நான் எட்டிய முடிவுகளே இதில் உள்ளன.

நிறுவனத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லலாம். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம், அதாவது என்.சி.இ.ஆர்.டி., 1961-இல் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூரு ஆகிய நான்கு ஊர்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகளை அது நிறுவியது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆலோசனையும் அப்போது பெறப்பட்டது. பாட அறிவைத் தனியாகவும் கற்பிக்கும் பயிற்சியைத் தனியாகவும் கொடுக்காமல், தொடக்கத்திலிருந்தே இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் நான்காண்டுப் பட்டமே அக்கல்லூரிகளின் அடையாளமாக இருந்தது. பிற்காலத்தில்தான் அவற்றின் பெயர் கல்லூரி என்பதிலிருந்து நிறுவனம் என்று மாறியது. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, லட்சத்தீவு ஆகியவை மைசூரு நிறுவனத்தின் எல்லைக்குள் வருகின்றன. ஆகவே நம் மாணவர்கள் அங்கே விருந்தினர்கள் அல்லர். அந்நிறுவனம் அவர்களுக்காகவும் அமைக்கப்பட்டதே. பட்டத்தை வழங்குவது மைசூருப் பல்கலைக்கழகம்.

இந்தப் படிப்பைப் பரிந்துரைப்பவர்கள் வழக்கமாக முன்வைக்கும் வாதம் ஓராண்டு மிச்சம் என்பது. ஏழாண்டு ஆறாகிறது, ஓராண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் குறைகின்றன, ஓராண்டு முன்னதாக வேலைக்குப் போகலாம். இந்தக் கணக்கு சரிதான். ஆனால் அதை மட்டுமே நம்பிச் சேர்வது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அந்த ஓராண்டு லாபம் அண்மையில் வந்தது, விரைவில் போய்விடவும் கூடியது. பி.எட். படிப்பு நாடு முழுவதும் நெடுங்காலம் ஓராண்டாகவே இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின், அதாவது என்.சி.டி.இ.யின், 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளுக்குப் பிறகுதான், 2015-16 கல்வியாண்டு முதல், அது ஈராண்டாயிற்று. அதற்கு முன் மூன்றும் இரண்டும் ஒன்றும் சேர்ந்தால் ஆறுதான். தனித்தனியாகப் படித்தவரும் ஆர்.ஐ.இ.யில் நான்கும் இரண்டுமாகப் படித்தவரும் ஒரே வயதில்தான் வெளியே வந்தார்கள். இப்போது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, முதுகலைப் பட்டமோ நான்காண்டு இளங்கலைப் பட்டமோ பெற்றவர்களுக்கு ஓராண்டு பி.எட். என்று மறுபடியும் பேசுகிறது. அதற்கான வரைவு ஒழுங்குமுறைகளை 2025-இல் என்.சி.டி.இ. வெளியிட்டது. அது நடைமுறைக்கு வந்தால் எம்.எஸ்சி. முடித்தவருக்கும் மொத்தம் ஆறே ஆண்டுதான். ஓராண்டு மிச்சத்துக்காகச் சேர்ந்த மாணவர், படிப்பை முடிப்பதற்குள்ளேயே அந்த மிச்சம் இல்லாமல் போவதைப் பார்க்க நேரலாம்.

அப்படியானால் இந்தப் படிப்பின் மதிப்பு எதில் இருக்கிறது? என் மதிப்பீட்டில், வேதியியலைக் கற்கும் காலத்திலேயே அதைக் கற்பிப்பது பற்றியும் ஒருவர் சிந்திக்கத் தொடங்குகிறார் என்பதில்தான் இருக்கிறது. பொதுப்படையாகச் சொன்னால் இது விளம்பர வாசகம் போல ஒலிக்கும் என்பதால், நம் மேல்நிலைச் செய்முறை வகுப்பிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பின் பருமனறி பகுப்பாய்வில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஆக்சாலிக் அமிலத்துடன் தரம் பார்க்கும், அதாவது எவ்வளவு கரைசல் வினைக்குத் தேவைப்படுகிறது என்று அளந்து செறிவைக் கணக்கிடும், சோதனை இருக்கிறது. பிப்பெட்டால் எடுத்த ஆக்சாலிக் அமிலக் கரைசலுடன் நீர்த்த சல்பியூரிக் அமிலத்தைச் சேர்த்து, அறுபது எழுபது டிகிரி அளவுக்குச் சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டை விட வேண்டும். முதல் சில துளிகள் விழுந்ததும் கூம்புக் குடுவையில் இளஞ்சிவப்பு அப்படியே நின்றுவிடும், மறைய நேரமெடுக்கும். அவசரக்கார மாணவர் அதையே முடிவு நிலை என்று எண்ணி அளவீட்டைக் குறித்துவிடுவார். பொறுமையாகக் குலுக்கிக் காத்திருப்பவருக்கு நிறம் மறையும். அதன் பிறகு விடும் துளிகளெல்லாம் விழுந்த கணமே நிறமிழக்கும். அதே மாணவர் முந்தைய வாரம் இரும்பு (II) உப்பைத் தரம் பார்த்தபோது சூடாக்கவும் இல்லை, இந்தத் தயக்கமும் இல்லை. வகுப்பில் ஒருவராவது கேட்பார்: அதற்குச் சூடு வேண்டாம், இதற்கு மட்டும் ஏன் வேண்டும்? முதலில் மெதுவாகப் போனது பிறகு ஏன் வேகமெடுத்தது?

எம்.எஸ்சி. வரை நன்றாகப் படித்தவருக்கு விடை தெரியும். இரும்பு (II) அயனி ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் போதும், அது விரைவாக நடந்துவிடுகிறது. ஆக்சலேட்டில் கார்பன்–கார்பன் பிணைப்பே முறிந்து கார்பன் டைஆக்சைடாக வெளியேற வேண்டியிருக்கிறது. வினையில் உண்டாகும் மாங்கனீசு (II) அயனியே அந்த வினைக்கு வினையூக்கியாகிவிடுவதால், அது ஓரளவு சேர்ந்த பிறகு வேகம் கூடுகிறது. தன்வினையூக்கம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட பதினேழு வயது மாணவருக்கு விடையைச் சொல்லிவிடுவது வேறு, இரண்டாவது குடுவையில் தொடங்கும்போதே சிறிதளவு மாங்கனீசு சல்பேட்டைச் சேர்த்துவிட்டு, "இப்போது முதல் துளியைக் கவனி" என்று சொல்வது வேறு. பின்னதைச் செய்ய மாங்கனீசின் வேதியியலும் தெரிந்திருக்க வேண்டும், ஒரு கேள்வியைச் சோதனையாக மாற்றும் பழக்கமும் இருக்க வேண்டும். முன்னது எம்.எஸ்சி.யில் கிடைக்கிறது. பின்னது பி.எட்.டில் கிடைக்க வேண்டும். ஆனால் தனித்தனி வழியில் இவை இரண்டுக்கும் இடையே ஓரிரு ஆண்டுகளும், ஒரு சேர்க்கைக் கடிதமும், வேறு ஊரும் வந்துவிடுகின்றன.

கல்வியியலில் இதற்கென்றே ஒரு கருத்தாக்கம் உண்டு. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் முன்வைத்த அந்தக் கருத்தின்படி, பாடப்பொருள் அறிவும் பொதுவான கற்பித்தல் அறிவும் ஆசிரியருக்குப் போதா. குறிப்பிட்ட ஒரு பாடப்பகுதியை மாணவர் எங்கே தவறாகப் புரிந்துகொள்வார், எந்த எடுத்துக்காட்டு உதவும், எது குழப்பும் என்பது மூன்றாவது வகை அறிவு. வேதியியலுக்கு இது மற்றப் பாடங்களைவிட மிகுதியாகத் தேவைப்படுகிறது என்பது என் அனுபவம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் சுட்டிக்காட்டியபடி, வேதியியல் மாணவர் ஒரே நேரத்தில் கண்ணால் காணும் பொருளையும், கண்ணுக்குத் தெரியாத துகளையும், தாளில் எழுதும் குறியீட்டையும் மனத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. நீர் கொதிக்கும்போது எழும் குமிழிகளுக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருப்பதாக மேல்நிலை மாணவர்களே எழுதுகிறார்கள். வேதிச்சமநிலை என்றால் வினை நின்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். பிணைப்பு முறிந்தால் ஆற்றல் வெளிப்படும் என்று உறுதியாக நம்புகிறார்கள், உயிரியல் வகுப்பில் செல்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு பற்றிக் கேட்டது அதை இன்னும் இறுக்கிவிடுகிறது. இவற்றில் எதையும் எம்.எஸ்சி. பாடத்திட்டம் பேசாது, பேசவும் வேண்டியதில்லை. பி.எட்.டில் வேதியியலுக்கென்று கிடைக்கும் தாள் ஒன்றோ இரண்டோதான், அதிலும் பெரும்பகுதி பாடத்திட்டக் கோட்பாடுகளுக்கும் மதிப்பீட்டு முறைகளுக்கும் போய்விடுகிறது.

நான் படித்த பி.எட். கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் என்பது சக மாணவர்கள் சிலரைப் பெஞ்சில் உட்காரவைத்து, அவர்களை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளாகப் பாவித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசுவதாக இருந்தது. வினா கேட்டல், வலுவூட்டல், தூண்டல் மாற்றம் என்று திறன்வாரியாகப் பாடத்திட்டம் எழுதி, ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் கோடிட்டு, கையெழுத்து வாங்க வரிசையில் நின்றோம். எதிரே இருந்தவர்கள் எல்லோருக்கும் விடை தெரியும். தெரியாதவர் போல நடிப்பார்கள். யாரும் உண்மையாகத் தவறிழைக்காத வகுப்பில் கற்பிக்கப் பழகியவர், உண்மையான வகுப்பில் முதல் தவறான விடையைக் கேட்டதும் திகைத்துப்போவதில் வியப்பில்லை.

மைசூரு வளாகத்தின் பெரிய பலம் இங்கேதான் தெரிகிறது. நிறுவனத்தோடு இணைந்த செயல்விளக்கப் பல்நோக்குப் பள்ளி அதே வளாகத்தில் இயங்குகிறது. நான்கு பழைய மண்டல நிறுவனங்களுக்கும் இப்படி ஒவ்வொரு பள்ளி உண்டு. மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவமனை எப்படியோ அப்படித்தான் ஆசிரியர் கல்விக்குப் பள்ளி. அது நடந்து செல்லும் தொலைவில் இருக்கும்போது, பயிற்சி என்பது ஆண்டில் சில வாரங்கள் வெளியூர் போய்வரும் சடங்காகச் சுருங்க வேண்டியதில்லை. காலையில் வேதிச்சமநிலை பற்றிய விரிவுரையில் இருந்த ஒருவர், அதே பாடத்தைப் பதினொன்றாம் வகுப்பில் எப்படி எடுக்கிறார்கள் என்று பின்வரிசையில் அமர்ந்து பார்க்க முடிகிற இடம் இது. அந்த வாய்ப்பை ஒவ்வொரு மாணவரும் எவ்வளவு பயன்படுத்திக்கொள்கிறார் என்பது அவரவரைப் பொறுத்தது. ஆனால் பெரும்பாலான பி.எட். கல்லூரிகளில் அப்படியொரு வாய்ப்பே கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் படிப்பை நான் உயர்வாக மதிக்கிறேன்.

படிப்பின் அமைப்பைப் பொறுத்தவரை, தொடக்க ஆண்டுகளில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றும் கல்வியியல் பாடங்களோடு சேர்ந்து நடக்கின்றன. பின் ஆண்டுகளில் வேதியியல் முதன்மை பெற்று முதுகலை நிலைக்கு உயர்கிறது. பள்ளிப் பயிற்சி இடையில் வருகிறது. பன்னிரண்டு பருவங்கள். இதில் மூன்று அறிவியல்களையும் ஒன்றாகப் படிப்பது வரமும் சுமையும் ஆகும். கணிதம் நன்றாகத் தெரிந்த வேதியியல் ஆசிரியர் குவாண்டம் எண்களையும் வினைவேகச் சமன்பாடுகளையும் அஞ்சாமல் எடுப்பார். நம் கல்லூரிகளில் பி.எஸ்சி. வேதியியல் படிப்பவர்களுக்குக் கணிதம் ஒரு துணைப்பாடமாக ஓரிரு பருவங்களோடு முடிந்துவிடுவதை நினைத்தால், இது சிறிய ஆதாயம் அன்று. மறுபுறம், சென்னையிலோ திருச்சியிலோ நல்ல தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் மூன்றாண்டும் வேதியியலையே முதன்மைப் பாடமாகப் படித்து, கரிமத் தயாரிப்புகளிலும் கரிமப் பகுப்பாய்விலும் கை பழகியவரோடு ஒப்பிட்டால், ஆய்வகத்தில் செலவிட்ட மொத்த நேரம் ஒருங்கிணைந்த படிப்பில் குறைவாகவே இருக்க வாய்ப்புண்டு. ஒரே ஆறாண்டுக்குள் மூன்று அறிவியல்களையும் கல்வியியலையும் பள்ளிப் பயிற்சியையும் அடக்கும்போது ஏதேனும் ஒன்று சுருங்கத்தான் வேண்டும்.

ஆகவே ஆராய்ச்சியே குறிக்கோள் என்பவருக்கு இந்தப் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர்.-நெட் எழுதி, கரிமத் தொகுப்பிலோ பொருளறிவியலிலோ முனைவர் பட்டம் செய்ய வேண்டும் என்று இப்போதே தெளிவாக இருப்பவருக்கு, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உள்ளது போன்ற ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. வேதியியல் பொருத்தமாக இருக்கும். அதில் பி.எட். இல்லை. பின்னாளில் பள்ளிக்கு வர மனம் மாறினால் பி.எட். தனியாகப் படிக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அதில் சேர வேண்டும்.

இன்னொரு தடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதினேழு வயதில் ஆறாண்டுக்கு ஒப்புக்கொள்வது சின்ன முடிவு அன்று. ஆசிரியர் பணி என்றால் என்ன என்று ஒரு முறையேனும் கரும்பலகை முன் நின்று பார்க்காத வயதில் எடுக்கும் முடிவு அது. தனித்தனி வழியில் ஒவ்வொரு பட்டத்தின் முடிவிலும் நின்று யோசிக்க இடமுண்டு, பி.எஸ்சி. முடித்து மருந்துத் துறைக்கோ வங்கித் தேர்வுக்கோ திரும்பியவர்கள் எத்தனையோ பேர். ஒருங்கிணைந்த படிப்பில் இடையில் விலகினால் கையில் என்ன சான்று கிடைக்கும் என்பதை, சேரும் ஆண்டின் விதிமுறைகளில் எழுத்து வடிவில் பார்த்துவிட்டே முடிவெடுப்பது நல்லது. வாய்மொழி உறுதிகளை இதில் நம்ப வேண்டாம்.

பயிற்றுமொழி பற்றியும் பெற்றோர் யோசிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவருக்கு முதல் ஆண்டு கடினமாகவே இருக்கும். ஆங்கில விரிவுரை, பல மாநில வகுப்புத் தோழர்கள், புதிய ஊர் என எல்லாம் ஒன்றாக வந்து சேரும். மொழித் தடையை ஓராண்டில் தாண்டிவிடுபவர்களே மிகுதி என்பதால் இதைப் பெரிய தடையாக நான் கருதவில்லை. எனக்குக் கவலை வேறு. ஆறாண்டும் ஆங்கிலத்தில் வேதியியல் படித்து, ஆங்கிலத்தில் கற்பிக்கப் பழகிய ஒருவர், பணி நியமனம் பெற்று ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தமிழ்வழி வகுப்பில் நிற்கும்போது, ஆக்சிஜனேற்ற எண்ணையும் அணைவுச் சேர்மத்தையும் ஆர்பிட்டால் இனக்கலப்பையும் தமிழில் தடையின்றி விளக்க வேண்டும். இதற்கு யாரும் பயிற்சி தரப்போவதில்லை. நம் மாநிலப் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூல்களின் தமிழ்ப் பதிப்பை விடுதி அறையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்தையும் அங்கே படிக்கும் காலத்திலேயே இணையாகப் படித்து வருவது ஒன்றே இதற்கு வழி.

வேலை வாய்ப்புக்கு வருவோம். மத்திய அரசுப் பள்ளிகளில் இந்தப் பட்டத்துக்கு நெடுநாள் மதிப்பு உண்டு. கேந்திரிய வித்யாலயாவின் முதுகலை ஆசிரியர் பணிக்கான தகுதி விதியில், சம்பந்தப்பட்ட பாடத்தில் என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வியியல் கல்லூரி வழங்கும் ஒருங்கிணைந்த முதுகலைப் பட்டம் என்பது பெயர் சொல்லியே இடம்பெற்று வந்திருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின் எட்டாம் நிலையில், ரூ.47,600 அடிப்படை ஊதியத்தில் தொடங்கும் பணி அது. நவோதயா வித்யாலயாக்களும் அதே ஊதிய நிலையில் எடுக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் நவோதயா பள்ளிகள் இல்லை என்பதால், அங்கே தேர்வானால் வெளிமாநிலத்தில், அதுவும் விடுதிப் பள்ளி வளாகத்தில் வாழ வேண்டியிருக்கும். நாடு முழுவதும் எங்கு அனுப்பினாலும் போகத் தயாராக இருப்பவருக்கு எம்.எஸ்சி.எட். மிக வலுவான பட்டம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு நிலைமை அவ்வளவு நேரானதாக இல்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வில் 150 மதிப்பெண்ணில் 110 முதன்மைப் பாடத்துக்கும், 30 கல்வியியலுக்கும், 10 பொது அறிவுக்கும் உரியவை. இதோடு தமிழ் மொழித் தகுதித் தாளிலும் தேர்ச்சி பெற வேண்டும். வினாத்தாளின் கட்டமைப்பு ஒருங்கிணைந்த படிப்புக்குச் சாதகமானதுதான். பெரும்பாலான தேர்வர்கள் கடைசி மாதத்தில் உளவியல் கையேடுகளை மனப்பாடம் செய்து எடுக்கும் அந்த 30 மதிப்பெண், ஆறாண்டாகக் கல்வியியல் படித்தவருக்கு இயல்பாகவே வரும். சிக்கல் தேர்வுக்கு முன்பாக, தகுதியில்தான் எழக்கூடும். இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே முதன்மைப் பாடம் வேண்டும் என்று இங்கே எதிர்பார்க்கிறார்கள். மூன்று அறிவியல்களையும் சேர்த்துப் படித்த தொடக்க ஆண்டுகளை வேதியியல் இளங்கலைக்கு நிகராகக் கொள்ளலாமா, ஒரே பட்டத்தை எம்.எஸ்சி.யாகவும் பி.எட்.டாகவும் இரு முறை கணக்கில் கொள்ளலாமா என்ற கேள்விகளுக்கு விடை, மாநில அரசு அவ்வப்போது வெளியிடும் இணைத்தன்மை அரசாணைகளில் இருக்கிறது. பட்டம் கையில் வந்த பிறகு, சான்றிதழ் சரிபார்ப்பு மேசைக்கு முன்னால் நின்று இதைப் பற்றி முதன்முதலாக யோசிப்பது அறிவுடைமை ஆகாது. சேரும்போதே நடப்பிலுள்ள அரசாணையைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். படிப்பை முடிக்கும்போது ஒவ்வொரு பருவத்தின் மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்ட நகலையும் பல்கலைக்கழக முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இணைத்தன்மை கோரி விண்ணப்பிக்க நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

இப்போது போட்டியாக வந்திருக்கும் நான்காண்டு ஐ.டி.இ.பி.யையும் பார்க்க வேண்டும். ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம் என்ற இதை 2021-இல் என்.சி.டி.இ. அறிவித்தது, 2023-24-இல் தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. நான்காண்டில் பி.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்த பட்டம். அதன்மேல் இரண்டாண்டு எம்.எஸ்சி. படித்தால் மொத்தம் அதே ஆறாண்டு. ஆனால் இடையில் முழுமையான, எங்கும் செல்லக்கூடிய பட்டம் ஒன்று கையில் இருக்கும். முன்னே நான் சொன்ன ஆறாண்டுக் கட்டுப்பாடு என்னும் குறை இதில் இல்லை. பட்டதாரி ஆசிரியர் பணியோடு நின்றுவிட விரும்புபவருக்கு, அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்க விரும்புபவருக்கு, இதுவே போதும், எம்.எஸ்சி.எட். தேவைக்கு மேலானது. மேல்நிலை வேதியியலே வேண்டும் என்பவருக்கு மட்டும் நான் ஆறாண்டுப் படிப்பையே முன்வைப்பேன். ஐ.டி.இ.பி. முடித்து எம்.எஸ்சி.க்குப் போகிறவர், அந்த இரண்டாண்டும் பள்ளியை மறந்துவிடுவார். முதுகலை வேதியியலின் மிகக் கடினமான பகுதிகளை, குழுக் கோட்பாட்டையும் நிறமாலையியலையும், படிக்கும்போது பக்கத்தில் கற்பித்தலைப் பற்றிப் பேசும் ஒருவர் இருப்பது எம்.எஸ்சி.எட்.டில் மட்டும்தான் சாத்தியம்.

சேர்க்கை முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நான்காண்டு ஐ.டி.இ.பி.க்கு தேசியத் தேர்வு முகமை நடத்தும் என்.சி.இ.டி. தேர்வில் மொழித்தாள்களோடு பாடத்தாள்களும் உண்டு, தமிழிலும் எழுதலாம். எம்.எஸ்சி.எட்.டுக்கு என்.சி.இ.ஆர்.டி. தானே நடத்திவரும் பொது நுழைவுத் தேர்வோ, மொழித்திறன், கற்பித்தல் நாட்டம், தருக்கத் திறன் ஆகியவற்றையே அளக்கிறது. வேதியியல் அறிவைச் சோதிப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் ஒரு பங்கு தரப்படுவதால் பாட அறிவு முற்றிலும் புறக்கணிக்கப்படுகிறது என்று சொல்ல முடியாது. ஆனாலும் வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்ணை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் உள்ள சிக்கல் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆறாண்டு வேதியியலுக்கு ஆளெடுக்கும் தேர்வில் ஒரு மோல் கணக்கையாவது கேட்டிருக்கலாம்.

இடங்கள் மிகக் குறைவு, போட்டி தென்மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவானது. அரசு நிறுவனமாதலால் கட்டணத்தைத் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிடவே வேண்டியதில்லை. வளாகத்தில் விடுதிகளும் உண்டு. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுப் பேச்சில் வீடே மூழ்கியிருக்கும் கோடைக்காலத்தில்தான் இந்த நுழைவுத் தேர்வின் அறிவிப்பும் பெரும்பாலும் வருகிறது என்பதால், கவனிக்காமல் விட்டுவிடுவது எளிது. பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு என்.சி.இ.ஆர்.டி.யின் இணையதளத்தையும் மைசூரு நிறுவனத்தின் இணையதளத்தையும் வாரம் ஒரு முறை பார்த்து வருவதும், அந்த ஆண்டுக்கான சேர்க்கைக் கையேட்டில் எம்.எஸ்சி.எட். வேதியியல் இடம்பெற்றிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே விண்ணப்பக் கட்டணத்தைச் செலுத்துவதும் நல்லது. ஐ.டி.இ.பி. வந்ததிலிருந்து இந்த நிறுவனங்களின் படிப்புப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது.